கண்ணாடிக்கு அளவெடுக்கிறோம், கைத்தடிக்கு?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, கொல்லைப்புறக் குழாயடியில் அம்மா வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. இடுப்பில் ரத்தக்கட்டு, முழங்கையில் சிராய்ப்பு என்ற அளவோடு போயிற்று. அம்மாவுக்கு அப்போது வயது 74. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை. வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். மறுநாள் காலை முதல் வேலையாக மெடிக்கல் ஷாப்புக்குப் போய் அலுமினியக் கைத்தடி ஒன்று வாங்கி வந்தேன். யாருக்கு, எவ்வளவு உயரம், எந்தக் காலில் வலி என்று கடையில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் இவை என்று எனக்கும் தெரியாது.

ஆறு மாதம் அம்மா அந்தத் தடியோடு நடந்தார். முழங்கால் வலி குறையவில்லை. புதிதாக வலது தோளும் வலிக்கத் தொடங்கியது. நிலைப்படியைத் தாண்டும்போது இரண்டு முறை தடுமாறிச் சுவரைப் பிடித்தார். "இது இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்" என்று தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தார். இளம்பெண். வந்ததும் முழங்காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. "அம்மா, வெளிய போட்டுட்டுப் போற செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க" என்றார்.

நீல வார் வைத்த ரப்பர் செருப்போடு அம்மா வந்து நின்றார். "கையைத் தளர விடுங்க. நேராப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் தடியைப் பாதத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கைப்பிடி மணிக்கட்டு ரேகையைவிட நான்கு விரற்கடை உயரத்தில் இருந்தது. பக்கவாட்டுக் குமிழை அழுத்தி மூன்று துளை இறக்கினார். பிறகு தடியை அம்மாவின் வலது கையிலிருந்து வாங்கி இடது கையில் கொடுத்தார். "வலிக்கிறது வலது காலாச்சே, இந்தக் கையில பிடிச்சா என்னம்மா பிரயோசனம்?" என்று அம்மா கேட்டார். "பத்தடி நடந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க." கூடத்தின் மறுகோடி வரை போய்த் திரும்பிய அம்மா, தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "தோளு தூக்கல" என்றார்.

அந்தப் பெண் செய்த வேலைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால், அந்த ஐந்து நிமிடம் எங்களுக்குக் கிடைக்க ஆறு மாதம் ஆயிற்று. கண்ணாடி வேண்டுமென்றால் கண்ணைச் சோதிக்கிறோம். வலது கண்ணுக்கு ஓர் எண், இடது கண்ணுக்கு ஓர் எண் என்று எழுதி வாங்குகிறோம். தாத்தாவின் கண்ணாடியை எந்த வீட்டிலும் பாட்டிக்கு மாட்டிவிடுவதில்லை. ஆனால், தாத்தா விட்டுப்போன கைத்தடியைப் பாட்டியின் கையில் கொடுக்க நாம் யோசிப்பதே இல்லை. நடை தடுமாறுகிறவருக்குக் கைத்தடியும் செருப்பும் அளந்து, பொருத்தி, பழக்கிக் கொடுக்க வேண்டிய சிகிச்சை. அதைச் சிகிச்சையாக நம் வீடுகளும் மருத்துவமனைகளும் அரசும் ஏற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

விழுவது விதியா?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். தற்செயலாக நேரும் காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இந்த மரணங்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நிகழ்கின்றன. உயிர் பிழைத்தாலும் மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு அடிபடும் சம்பவங்கள் ஆண்டுக்கு 3.73 கோடி. விழுந்து இறப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிக அதிகம்.

தமிழ்நாடு வேகமாக மூப்படைந்துவரும் மாநிலம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2021இல் இது 13.6 சதவீதம் என்றும், 2031இல் 18 சதவீதத்தைத் தாண்டும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகை முன்கணிப்பு சொல்கிறது. கேரளத்துக்கு அடுத்து முதியோர் விகிதம் அதிகமுள்ள பெரிய மாநிலம் நம்முடையது. சாலை விபத்துக்குத் தலைக்கவசம், வேகத்தடை, அபராதம் என்று எத்தனையோ ஏற்பாடு செய்திருக்கிறோம். வீட்டுக்குள் விழுவதற்கு நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: "வயசாயிடுச்சு, என்ன பண்றது?"

அதைத் தொடர்ந்து வருவது அதைவிடக் கெடுதலான இன்னொரு வாக்கியம்: "இனிமே எங்கயும் போகாதீங்க, ஓரமா உக்காருங்க." பாசத்தில் சொல்வதுதான். ஆனால், உட்கார்ந்தே இருப்பவரின் தொடைத் தசை மாதக்கணக்கில் மெலிகிறது. மெலிந்த தசையோடு கழிவறைக்கு எழுந்து போகும்போது மீண்டும் விழுகிறார். விழுந்த பயத்தில் இன்னும் குறைவாக நடக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை வரை போகும் பல கதைகள், அந்த ஓரத்து நாற்காலியில்தான் தொடங்குகின்றன.

நிற்பது எப்படி நடக்கிறது?

நாம் தடுமாறாமல் நிற்பதற்கு மூன்று செய்திகள் மூளைக்கு இடைவிடாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். கண் தரையையும் சுவரையும் காட்டுகிறது. உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு தலை சாய்வதையும் திரும்புவதையும் சொல்கிறது. பாதத்தின் தோலும் கணுக்கால், முழங்கால் மூட்டுகளும் உடம்பு எங்கே ஊன்றியிருக்கிறது என்று சொல்கின்றன. ஒன்று மங்கினால் மற்ற இரண்டும் சமாளிக்கும். இரண்டு மங்கினால் சமாளிக்க முடியாது.

நீண்ட நாள் சர்க்கரையில் முதலில் மங்குவது பாதத்தின் செய்தி. "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்ததே தெரியாமல் நாலு அடி நடந்து போவது, வாஷ்பேசினில் முகம் கழுவக் கண்ணை மூடியதும் முன்னால் சாய்வது, இருட்டில் மட்டும் தடுமாறுவது ஆகிய மூன்றும் நரம்பு கொடுக்கும் முன்னறிவிப்புகள். கண்ணை மூடியதும் ஏன் தடுமாற்றம்? பாதத்தின் செய்தி வராததால் அதுவரை கண் ஒன்றே உடம்பை நிறுத்திப் பிடித்திருந்தது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களில் எத்தனை பேரிடம் "செருப்பு கழல்வது தெரிகிறதா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள்?

சர்க்கரை மட்டும் காரணமல்ல. பக்கவாதம், பார்க்கின்சன் நோய், உள்காதுக் கோளாறால் வரும் கிறுகிறுப்பு, பி12 சத்துக் குறைவு, கண்புரை, எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குவது, தூக்க மாத்திரை என்று பட்டியல் நீளும். இவற்றில் பலவும் குணப்படுத்தக்கூடியவை. ஆகவே, தடுமாற்றம் தெரிந்ததும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காரணத்தைத் தேடாமல் தடியை மட்டும் வாங்குவது, காய்ச்சலுக்குப் போர்வை வாங்குவதைப் போன்றது.

கைத்தடி எப்படி உதவுகிறது என்பதிலும் நாம் பாதியைத்தான் அறிந்திருக்கிறோம். அது பாரத்தைத் தாங்குகிறது என்பது சரிதான். ஆனால், 1990களில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. ஒருவர் விரல் நுனியால் ஒரு நிலையான பொருளை மிக லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலே அவருடைய உடம்பின் ஆட்டம் கணிசமாகக் குறைகிறது. தாங்குவதற்குப் போதாத அளவு லேசான தொடுதல் அது. கால் இழந்த செய்தியைக் கை வாங்கி மூளைக்கு அனுப்புகிறது. சுவரை ஒரு விரலால் தொட்டபடியே நடக்கும் பாட்டிகள் இதை எந்த ஆய்வும் சொல்லித்தராமலே கண்டுகொண்டவர்கள். கைத்தடி, கூடவே வரும் சுவர்.

தடிக்கும் இலக்கணம் உண்டு

வழக்கமாகப் போடும் செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். அப்போதுதான் பிடித்து ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கும். தடி உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். குட்டையாக இருந்தால் முதுகு கூனும். செருப்பு மாறினால் தடியின் அளவும் மாறும். அதனால்தான் அந்தப் பிசியோதெரபிஸ்ட் முதலில் செருப்பைக் கேட்டார்.

வலி வலது காலில் என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாகவே நடக்கிறது. ஒரு காலைத் தூக்கி மறுகாலில் நிற்கும் அந்த நொடியில், ஊன்றிய காலின் இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு அழுத்தம் விழுகிறது. இடுப்பு மறுபக்கம் சரியாமல் இருக்க அங்குள்ள தசைகள் இழுத்துப் பிடிப்பதால் வரும் அழுத்தம் அது. எதிர்க் கையில் ஊன்றிய தடி அந்தச் சரிவை மறுபக்கத்திலேயே தாங்கிக்கொள்வதால், தசையின் வேலையும் மூட்டின் சுமையும் குறைகின்றன. தடியும் வலிக்கும் காலும் ஒன்றாக முன்னால் போக வேண்டும். நல்ல கால் பின்தொடர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கை அதன் மேல் இருக்கட்டும்.

தடியின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்தான் அதன் உயிர். தரையைப் பற்றுவது அதுதான். வண்டி டயரைப் போல அதுவும் தேயும். ஓரம் தேய்ந்து வரிகள் மழுங்கிய புஷ்ஷோடு ஈரத் தரையில் ஊன்றினால் தடி சறுக்கும். தடியை நம்பியவரும் சேர்ந்து விழுவார். சில ரூபாய் விலையுள்ள இந்த ரப்பர் துண்டைத் தனியாகக் கேட்டால் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. அம்மாவின் தடியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, ஒருபக்க ரப்பர் தேய்ந்து உள்ளேயிருந்த உலோக வளையம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

யாருக்கு எது என்பதும் மாறும். பக்கவாதத்தால் ஒருபக்கம் பலம் குறைந்தவருக்கு நான்கு கால் ஸ்டிக் நிதானம் தரும். ஆனால் நான்கு காலும் ஒருசேரத் தரையில் பட வேண்டும், மேடுபள்ளத்தில் அது ஆடும். இரண்டு கைக்கும் பிடிமானம் தேவைப்படுபவருக்கு வாக்கர். அதைத் தூரமாக நகர்த்திவிட்டுக் குனிந்து எட்டிப் பிடித்து நடக்கக் கூடாது. சட்டத்துக்குள்ளே அடியெடுத்து வைக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்தால் அது மேலே கவிழும். நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுந்த பிறகே வாக்கரைத் தொட வேண்டும். பார்க்கின்சன் நோயாளிக்குத் தூக்கித் தூக்கி வைக்கும் வாக்கர் நடையின் தாளத்தைக் குலைக்கலாம். சக்கரம் வைத்தது அவரை முந்திக்கொண்டு ஓடலாம். அவருக்கு எது பொருந்தும் என்பதை நடக்கவைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குவதைக் கைகாட்டி வாங்குவதற்கில்லை.

நான்கு சக்கரமும் கை பிரேக்கும் உட்காரப் பலகையும் கொண்ட ரோலேட்டரை 1978இல் உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஐனா விஃபால்க். இளம் வயதில் போலியோ தாக்கியவர். நடக்கச் சிரமப்பட்டவரே வடிவமைத்ததால்தான், களைத்தால் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பது அந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. நம் நாட்டில் நடைக்கருவிகளை வாங்கும் குழுக்களில், அவற்றைப் பிடித்து நடப்பவர் ஒருவராவது உட்கார வேண்டும்.

காலில் என்ன போடுகிறோம்?

வீட்டுக்குள் செருப்புப் போடாதது நம் வழக்கம். பழைய வீடுகளின் சிமென்ட் தரையிலும் மண் தரையிலும் வெறுங்கால் நன்றாகவே பிடித்து நடந்தது. இன்று கிராமத்து வீடுகளிலும் வழவழப்பான டைல்ஸ் வந்துவிட்டது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாது. மதமதத்துப்போன காலுக்கும் தெரியாது. வீட்டுக்குள் வெறுங்காலோடும் சாக்ஸோடும் நடக்கும் முதியவர்கள், நல்ல காலணி அணிந்தவர்களைவிட அதிகம் விழுவதாக மேலைநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வெளியே மட்டும் போட வேண்டியது செருப்பு என்ற பழக்கத்தை, நடை தடுமாறுபவர் விஷயத்தில் நாம் தளர்த்தித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கென்றே கழுவி வைத்த ஒரு ஜோடி போதும். பூஜை அறை வாசலில் கழற்றிக்கொள்ளலாம்.

ஆனால், அந்த ஜோடி ரப்பர் செருப்பாக இருக்கக் கூடாது. இரண்டு விரலுக்கு நடுவே ஒரு வார், பின்னால் பிடிப்பு எதுவும் இல்லை. அது கழலாமல் இருக்க ஒவ்வோர் அடியிலும் கால்விரல்கள் மடங்கி இறுக்கிக்கொள்ள வேண்டும். அப்படி இறுக்கும் பலமும் உணர்வும் இல்லாத காலில் அது தளர்ந்து, திரும்பும்போது மடங்கி, படியில் முனை தட்டும். அம்மாவின் செருப்பில் குதிகால் பக்கம் தேய்ந்து தகடாகி, அவருடைய பாத வடிவில் வழவழப்பாகியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் சோப்புத் தண்ணீர் கிடந்த குழாயடிக்குப் போயிருக்கிறார்.

தடுமாறும் காலுக்கான காலணியில் பார்க்க வேண்டியவை சில. குதிகாலைச் சுற்றி உறுதியான பின்பிடிப்போ, பின்வாரோ வேண்டும். குனிந்து முடிச்சுப்போட முடியாதவருக்கு வெல்க்ரோ பட்டை. குதிகால் உயரம் ஓர் அங்குலத்துக்குள், அகலமாக. அடிப்பாகத்தில் தரையைப் பற்றும் வரிகள். விரல்கள் நெருக்காத முன்பகுதி. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அளவு பார்க்க அதுவே நல்ல நேரம். உணர்வு குறைந்தவர்கள் போடும் முன் உள்ளே கையைவிட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும். ஒரு சிறு கல் நாள் முழுக்கக் குத்தினாலும் அந்தக் கால் சொல்லாது.

மெத்தென்று இருந்தால் நல்லது என்ற எண்ணமும் முழு உண்மை அல்ல. தடிமனான, அமுங்கும் அடிப்பாகம் பாதத்துக்கும் தரைக்கும் இடையே பஞ்சு மூட்டையைப் போட்டது போலாகி, இருக்கும் உணர்வையும் மழுங்கடிக்கிறது. சமநிலைக்கு மெல்லிய, உறுதியான அடிப்பாகமே உதவுகிறது. மாறாக, புண் வரும் அபாயமுள்ள சர்க்கரைப் பாதத்துக்கு அழுத்தத்தைப் பரப்பும் மென்மை தேவை. இந்த இரண்டு தேவைகளையும் ஒரே செருப்பில் இணைக்கும் வழியைக் கண்டவர்கள் நம் மண்ணிலேயே இருந்தார்கள்.

வேலூர் காட்டிய வழி

1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிய காலம் அது. உணர்விழந்த கையும் காலும், வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதால்தான் சிதைகின்றன என்பதை அவரும் உடன் பணியாற்றியவர்களும் நிறுவினார்கள். அப்படியானால், அறுவை சிகிச்சைக்கு நிகரான மருந்து செருப்பு. வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும் மருத்துவர்களும் செருப்புத் தைப்பவர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். நுண்துளை ரப்பர் (எம்.சி.ஆர்.) உள்தளம், எளிதில் தேயாத கடின ரப்பர் அடித்தளம், பின்வார். இன்று சர்க்கரை நோயாளிகள் "எம்.சி.ஆர். செருப்பு" என்று கேட்டு வாங்குவது இந்த மரபில் வந்ததுதான்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியது ரப்பரின் தன்மையை மட்டுமல்ல. மருத்துவர் பாதத்தைப் பார்த்தார், தைப்பவர் அளவெடுத்தார், நோயாளி நடந்து காட்டினார், தேய்ந்த செருப்பு திரும்பி வந்தது, அதன் தேய்மானத்தைப் பார்த்து அடுத்த செருப்பு திருத்தப்பட்டது. செருப்புத் தைப்பவரை மருத்துவக் குழுவின் உறுப்பினராக மதித்த அந்த முறை, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தமிழ்நாட்டின் எல்லா மாவட்ட மருத்துவமனைகளுக்கும் வந்து சேரவில்லை.

நாலு பேர் என்ன கேட்பார்கள்?

பொருளும் அளவும் சரியாக அமைந்த பிறகும் ஒரு தடை மிச்சமிருக்கும். "இதை ஊன்றிக்கிட்டுத் தெருவுல போனா நாலு பேரு என்ன கேப்பாங்க?" என்றார் அம்மா. கண்ணாடி போட்டவரை யாரும் குருடர் என்பதில்லை. தடி பிடித்தவரைக் கிழவி என்றுவிடுகிறோம். இந்தப் பயத்தில்தான் எத்தனையோ பேர் கல்யாண மண்டபத்துக்குத் தடியை எடுத்துப்போகாமல், மெருகேற்றிய கிரானைட் தரையில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு தத்தளிக்கிறார்கள்.

தடியைப் பற்றி வெட்கப்பட நமக்குக் காரணமில்லை. 1930இல் தண்டிக்கு நடந்தபோது காந்திக்கு வயது 60. கையில் கழி இருந்தது. பெரியாரைக் கைத்தடி இல்லாமல் நினைத்துப் பார்க்கவே நமக்கு வருவதில்லை. 90 வயதைக் கடந்தும் ஊர் ஊராகப் போனவர் அவர். இன்னும் பின்னால் போனால், புறநானூற்றின் 243ஆம் பாட்டில் ஒரு முதியவர், துள்ளிக் குதித்த தம் இளமையை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார். அதைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பூண் பிடித்த ஊன்றுகோலை அவர் சொன்ன சொல்லே அவருக்குப் பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று நிற்கிறது. பெயர் போன பிறகும் தடி நிலைத்த மொழி இது.

இதே தயக்கத்தின் இன்னொரு பக்கம், கோயில் வாசல். செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால், எண்ணெயும் அபிஷேக நீரும் சிந்திய கருங்கல் தரையில் வெறுங்காலோடு நடப்பவருக்குத் தடிதான் மிச்சமுள்ள ஒரே துணை. அதையும் வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்வது சரியல்ல. தடியின் முனையைக் கழுவ ஒரு குழாயும், பிராகாரத்தில் கைப்பிடிக் கம்பியும் வைத்துக்கொடுத்தால், தடியோடு வருபவரும் நிம்மதியாகச் சாமி கும்பிட்டுப் போவார். தெருவுக்கும் இதே நியாயம் பொருந்தும். நடைபாதை 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல் சொல்கிறது. முழங்கால் உயரத்துக்கு எழும்பி, பத்தடிக்கு ஒருமுறை அறுபடும் நடைபாதையில் எந்தத் தடியும் யாரையும் காப்பாற்றாது.

அரசு என்ன செய்யலாம்?

அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 1978இலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. அதற்கு முன்னின்றவர் டாக்டர் வ.செ.நடராசன். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017 முதல், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குக் கைத்தடி, வாக்கர், நான்கு கால் ஸ்டிக் போன்றவற்றை முகாம்கள் வழியாக இலவசமாகக் கொடுக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடிப் போகிறார்கள். இவற்றை ஒன்றோடொன்று இணைப்பதுதான் பாக்கி.

முதலாவது, கேள்வி. மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலர், 60 வயதைக் கடந்தவரிடம் மூன்றே கேள்வி கேட்கட்டும்: கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நடக்கும்போது தடுமாறுகிறதா? விழுந்துவிடுவோம் என்ற பயம் இருக்கிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் எளிய சோதனை ஒன்று உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டியவர் என்று பொருள். இதற்கு ஒரு நாற்காலியும் கைபேசியும் போதும்.

இரண்டாவது, பை. வீட்டுக்குப் போகும் பிசியோதெரபிஸ்டின் பையில் உயரம் மாற்றக்கூடிய கைத்தடி இரண்டும், பல அளவுகளில் ரப்பர் புஷ்களும், இஞ்ச் டேப்பும் இருக்க வேண்டும். தடியை அங்கேயே அளந்து கொடுத்து, வீட்டு வாசற்படியிலும் கழிவறையிலும் நடக்கவைத்துப் பார்த்துவிட்டு வர வேண்டும். மூன்று மாதத்தில் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். முகாமில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு முடிகிற கருவிகளில் பல, பரண் மேல் போய்ச் சேர்கின்றன.

மூன்றாவது, செருப்பு. எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பாதச் சிகிச்சைப் பிரிவோடு ஒரு செருப்புப் பட்டறை வேண்டும். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே காலணி தைத்து அனுப்புகிற மாநிலத்தில், தடுமாறும் காலுக்குப் பின்வார் வைத்த, கழுவக்கூடிய, விலை குறைந்த ஒரு வீட்டுச் செருப்பு கிடைப்பதில் சிரமம் இருக்கக் கூடாது.

நான்காவது, பயிற்சி. தடியும் செருப்பும் தசைக்கு மாற்றாகா. சமநிலைப் பயிற்சியும் கால் தசைப் பயிற்சியும் விழுவதை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைப்பதாக 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு காட்டுகிறது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுவது போன்றவையே தொடக்கத்துக்குப் போதும். நூறு நாள் வேலைத் தளத்தில், ரேஷன் கடை வரிசையில், முதியோர் கூடும் எந்த இடத்திலும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

குடும்பங்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே வீட்டிலுள்ள பெரியவரின் தடியைக் கவிழ்த்துப் புஷ்ஷைப் பாருங்கள். செருப்பைத் திருப்பி அடியைப் பாருங்கள். அவரைக் கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லி, கைப்பிடி எங்கே வருகிறது என்று பாருங்கள். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். கால்மிதி நகராமல் இருக்கிறதா, குளியலறையில் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

அம்மா இப்போது பின்வார் வைத்த செருப்போடு, இடது கையில் தடியோடு, காலையில் பால் பூத் வரை தனியாகப் போய் வருகிறார். வழியில் இரண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வருவார். போன வாரம் வாசலில் நின்றபடி தடியைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார். "ரப்பர் தேஞ்சுபோச்சுடா, புதுசு ஒண்ணு வாங்கிட்டு வா." கதவுக்குப் பின்னால் சாத்திக் கிடந்த தடி அது. எட்டே மாதத்தில் ஒரு புஷ் தேய்ந்திருக்கிறது.